இல்லையென்று சொல்லத் தெரியாத பெட்டி

"நிறுத்தும்மா, நிறுத்து. அப்படியே வை. இந்தா, திரும்பவும் போச்சு பாரு."

"என்னங்க சார் போச்சு?"

"படம்மா, படம்! அட்டைப்பெட்டியக் காட்டுன, பளிச்சுனு இருந்துச்சு. மேல ஒட்டுன எழுத்தக்கூட வாசிச்சேன். பனியனத் தள்ளி வச்சுக் காட்டுன, அதுவும் சரி. தோள்பட்டைத் தையலக் கிட்டக் கொண்டாந்த உடனே கஞ்சி ஊத்துன மாதிரி ஆகிப்போச்சே."

"நெட்டு அப்படி இருக்குதுங்க சார்."

"நெட்டுக்குக் கண்ணா இருக்கு? தையல் வர்ற நேரம் பார்த்து மயங்குறதுக்கு?"

பேசியவர் பாண்டித்துரை. சரக்கை வாங்குகிற கம்பெனிக்கு ஆய்வாளர். மதுரைப் பக்கத்துக்காரர், இருப்பது பெங்களூரில். முன்பெல்லாம் நேரில் வந்து பெட்டியை உடைத்து, பனியனை விரித்து, இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது வருவதில்லை. அங்கே உட்கார்ந்தபடி திரையில் பார்க்கிறார். ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் இந்தப் பனியன் கம்பெனியில் மேசைக்கு மேலே ஒரு கேமராவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே ஒவ்வொரு பீஸாக விரித்துக் காட்டுவது சித்ரகலாவின் வேலை. செக்கிங் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

"சார், கேமராவை அணைச்சுட்டு மறுக்கா போடட்டுங்களா?"

"போன தடவையும் இதத்தான் சொன்ன. போன தடவையும் தையல்லதான் மங்குச்சு. பார்க்க முடியாத சரக்க நான் எப்படிம்மா பாஸ் போடுறது? வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ பார்க்குறேன். அன்னிக்கும் இந்த ஜாலத்தக் காட்டுனீங்கன்னா, குத்தத்த மறைச்ச சரக்குன்னு எழுதிப்புடுவேன். செக்கிங் முடிச்சுக் கையெழுத்துப் போட்டது நீதானே? உன் பேரையும் சேர்த்துத்தான் எழுதணும்."

"சார், நான் எதையும் மறைக்கலீங்க."

"மறைக்கிறவுங்க யாரும் மறைக்கிறேன்னு சொல்லிக்கிட்டு மறைக்க மாட்டாங்கம்மா."

திரை அணைந்தது. சித்ரகலா கையிலிருந்த பனியனை மடிக்க மறந்து நின்றாள். குற்றத்தை மறைத்தவள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் இங்கிருந்து குன்னத்தூர் வரைக்கும் எந்தக் கம்பெனியில் அவளை ஒரு மேசைக்கு முன்னால் நிற்க விடுவார்கள்? தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். செக்கிங் செய்கிறவளுக்குக் கையைவிடப் பேர்தான் முக்கியம்.

மாடியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

முதலாளி சிவபிரகாஷ் மேசைமேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். கம்பெனிக்குள் அவர் மாட்டியிருந்த காவல் கேமராக்களின் படம் அதில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருந்தது. கட்டிங் ஒரு கட்டம், தையல் ஒரு கட்டம், கேட் ஒரு கட்டம். செக்கிங் மேசை ஒரு கட்டம். அவர் சாப்பிடும்போதும் பார்ப்பார், காரில் போகும்போதும் பார்ப்பார். யாராவது பேசிக்கொண்டு நின்றால் அந்தப் பிரிவுக்கு உடனே போன் வரும்.

"உக்காரு சித்ரகலா. உண்மையச் சொல்லு. தையல்ல என்ன இருக்குது?"

"ஒன்னும் இல்லீங்க சார். நல்ல தையலுங்க."

"பின்ன ஏன் அது மட்டும் தெரிய மாட்டீங்குது? பெட்டி தெரியுது. உன்ற வளையலு தெரியுது. தையலு மட்டும் தெரியறதில்ல. பாண்டித்துரை சொல்றதுல நியாயம் இருக்குதல்ல?"

"எனக்கும் அதுதானுங்க புரியல."

"நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். மங்குன நேரத்துல உன்ற கை மேசைக்குக் கீழ போச்சு."

"அட சாமி! கத்திரி கீழ விழுந்துருச்சுங்க சார். எடுத்தனுங்க."

"சரியா அந்த நேரத்துலயா விழுகோணும்?"

கத்திரி விழுந்ததற்குச் சாட்சி யார் இருக்கிறார்கள்? கேமராதான். கேமராவும் கை போனதைத்தான் காட்டியது, கத்திரியைக் காட்டவில்லை.

"இங்க பாரு," என்றார் சிவபிரகாஷ், குரலைத் தணித்துக்கொண்டு. "நீ ரொம்ப வருசமா இருக்கற. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமையும் ஆகலீன்னா, நானாச் சொல்றதுக்கு முன்ன நீயாப் போயிட்டீன்னா ரெண்டு பேருக்கும் மருவாதி."

"சரிங்க," என்றாள். அங்கே வேறு என்ன சொல்ல முடியும்?

கீழே வந்து, செக்கிங் முடிந்த பெட்டிகளில் இரண்டைப் பிரித்துப் போட்டு மறுபடியும் பார்த்தாள். பக்கத்து மேசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"ஏனுங்கக்கா, நெசமாலுமே ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருந்தா உனக்குத் தெரியாதா? நீதான பாத்த?"

"நான் பாத்தனுங்க. நீங்க கேக்கறதப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குது."

நல்ல தையல்தான். நீலமும் வெள்ளையுமாக மெல்லிய கோடு போட்ட பனியன். தோள்பட்டையில் கோடும் கோடும் ஒட்டி வர வேண்டும், ஒட்டித்தான் வந்திருந்தது. இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாவது தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை.

மறுநாள் முதலாளி ஒரு முடிவு செய்தார். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வடக்கத்திப் பையன்கள் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் நெட்டைக் காலி செய்கிறார்கள் என்று அவர்களுடைய வைஃபையைப் பிடுங்கச் சொன்னார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒருவன் சித்ரகலாவிடம் வந்தான்.

"அக்கா, நெட் கட். அம்மாகூட பேசுறது இல்லை. நாங்க என்ன பண்ணுச்சு?"

"நீங்க ஒன்னும் பண்ணல கண்ணு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க."

"வெள்ளிக்கிழமை என்ன இருக்கு?"

"எனக்குக் கல்யாணம்," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

வைஃபையைப் பிடுங்கியபின் கேமராவைப் போட்டு, வேறொரு அறையில் திரையை வைத்துப் பார்த்தார்கள். பெட்டி பளிச். பனியன் சரி. தையல் கிட்டே வந்ததும் கஞ்சி.

அப்போதுதான் அவளுக்கு மருதாசலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. கம்பெனியின் கம்ப்யூட்டர், நெட், கேமரா எல்லாவற்றையும் கட்டிக் காப்பவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் சோதித்துப் பார்த்தபோது தையல் ஊசி குத்தின ஓட்டைகூடத் தெரிந்தது என்று அவனே சொன்னானே? ஞாயிற்றுக்கிழமை தெரிகிறது, வேலை நாளில் தெரிவதில்லை. அப்படியானால் வேலை நாளில் யாரோ எதையோ செய்கிறார்கள். செய்யத் தெரிந்தவன் இந்தக் கம்பெனியில் ஒருவன்தான்.

அவன் அறைக்குப் போனாள். குளுகுளுவென்று இருந்தது. சுவரில் விளக்குகள் மினுங்கும் ஒரு பெட்டி.

"மருதாசலம், உனக்கு என் மேல ஏதாச்சும் கோவமா?"

"ஏனுங்கக்கா இப்படிக் கேக்கறீங்க?"

"இருந்தாச் சொல்லீரு. காலைப் புடிச்சுக்கறேன். என்ற பேரைக் கெடுத்துறாத."

"அட, என்னங்கக்கா! நான் போயி..."

"பின்ன ஏன் தையலு மட்டும் மங்குது? நெட்டுக்குத் தையலு எது, பெட்டி எதுன்னு தெரியுமா? யாராச்சும் சொல்லிக் குடுத்தாத்தான தெரியும்?"

மருதாசலம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. தெரியாதுங்க. ஆனாத் தெரிஞ்ச மாதிரித்தான் நடந்துக்கும். இப்ப, அந்த அட்டைப்பெட்டி எப்படி இருக்குது, போன்ல எனக்குச் சொல்லுங்க பாக்கலாம்."

"மரக்கலரு. சதுரம். அவ்வளவுதான்."

"முடிஞ்சுதல்லங்க? இப்ப அந்தக் கோட்டுப் பனியனுத் தோள்பட்டையச் சொல்லுங்க. ஒவ்வொரு கோடு, கோட்டுக்குள்ள ஒவ்வொரு கண்ணி, தையலு ஒவ்வொன்னு."

"பொழுதுக்கும் சொல்லோணும்."

"அதேதானுங்க. அட்டைப்பெட்டியக் காட்டறதுக்கு நெட்டுல கொஞ்சம் தடம் போதும். தையலைக் காட்டறதுக்குப் பெரிய தடம் வேணும். வீடியோ, செவத்துல இருக்கற நம்ம நெட்டுப் பெட்டிகிட்டக் கேக்குது: எனக்கு இவ்வளவு வேணும், தருவியான்னு. கெடைக்கலீன்னா, கெடைச்ச தடத்துல போறாப்பல சுருக்கிச் சொல்லுது. சுருக்குனா மங்கிரும். கிட்டக் கொண்டு போற நேரத்துலதான் நெறையக் கேக்குது, அந்த நேரத்துலதான் கெடைக்க மாட்டீங்குது. பாக்கறவுங்களுக்கு வேணும்னே மறைக்கற மாதிரித்தான் இருக்கும்."

சித்ரகலா சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். மேலே கொஞ்சம் தூசி. இதுவா நம் பேரைக் கெடுத்தது?

"சரி. இந்த வீடியோவுக்கு மொத வரிசை குடுக்கறேன்னு முதலாளிகிட்டச் சொன்னயே?"

"குடுத்திருக்கறனுங்க."

"மொத வரிசையில இருந்துமா கெடைக்கல?"

அவன் கீபோர்டில் எதையோ துடைத்தான்.

"மருதாசலம். மொத வரிசையில வேற யாரு இருக்கறா?"

"கணக்குல நஞ்சப்பன் சார் கேட்டாருங்க. லாரி பில்லு நின்னுரக் கூடாதுன்னு."

"அப்பறம்?"

"பேட்டர்ன்ல ஜெயபாரதி மேடம் கேட்டாங்க. பிரிண்டிங் யூனிட்டுக்கு டிசைன் போகோணும்னு."

"அப்பறம்?"

"தையல் லைன்ல ஆளுக்கொரு டேப்லட் இருக்குதல்லங்க, எத்தன பீஸ் ஆச்சுன்னு காட்டறதுக்கு. அதுக்கு லைன் மாஸ்டர் கேட்டாரு. முதலாளியோட கேமரா இருக்குது. அப்பறம் கேட்டுல கைரேகை வெக்கற மெஷினு..."

"ஏஞ்சாமி, மொத வரிசையில இல்லாதது எது?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஹாஸ்டல் வைஃபைங்க," என்றான்.

"அதையும் புடுங்கியாச்சு! யாரும் வராத ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் தெரிஞ்சுதுன்னு இப்பத்தான் புரியுது. கல்யாண ஊட்டுல வந்தவங்க எல்லாத்துகிட்டயும் நீங்க மொதப் பந்திங்கன்னு சொல்லி உள்ள உட்டா என்ன ஆகும்? எலைக்குப் பின்னால எலை போட முடியுமா? ஆளு மேல ஆளு நின்னுட்டு, மாப்பிள்ளையே சாப்பிடாமப் போவான். ஒருத்தருகிட்டயாச்சும் எடமில்லீன்னு சொல்லலியா நீ?"

"எப்படிங்கக்கா? வந்து மொகத்துக்கு நேரா நின்னு, கண்ணு இதச் செஞ்சு குடுன்னு கேக்கறாங்க. ஆகட்டுங்கன்னு சொல்லாம எப்படிங்க இருக்கறது?"

இது அவன் ஒருவன் குற்றமில்லை. இந்தச் சீமைக் குற்றம். இங்கே 'முடியாது' என்று யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்வதில்லை. 'ஆகட்டுங்க' என்பார்கள், 'பாத்துக்கலாமுங்க' என்பார்கள். எந்த ஆகட்டுங்க ஆகும், எது ஆகாது என்பது குரலை வைத்துக் கேட்கிறவருக்குத் தெரியும். பெட்டிக்குக் குரல் ஏது? மருதாசலம் அதற்கு ஆகட்டுங்க என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தான். அதுவும் கேட்டவற்றுக்கெல்லாம் ஆகட்டும் என்றுவிட்டு, நெருக்கடியில் எல்லாவற்றையும் கைவிட்டுக்கொண்டிருந்தது.

"எந்திரி," என்றாள். "வா, போயிக் கேக்கலாம். யாருக்கு நெசமாலும் எவ்வளவு வேணும்னு."

முதலில் நஞ்சப்பன். கணக்குப் பிரிவில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ற பில்லு ஒரு நொடி நிக்கப்படாது. சொல்லீட்டேன்."

"நின்னா என்னாகுமுங்க?"

"லாரி நிக்கும்."

"லாரி எத்தன மணிக்குக் கெளம்புதுங்க?"

"பொழுதோட."

"பில்லு காலையில போடறீங்க. பொழுதோடப் போற லாரிக்குக் காலையிலயே அவசரமுங்களா? டிரைவரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போனாப் போதுமல்லங்க?"

"டீ குடிக்கற நேரமுன்னா... சரி, பரவால்ல. ஆனாப் பாதியில அந்துபோகப்படாது. ஒரு எழுத்து குறையப்படாது."

"குறையாதுங்க சார்," என்றான் மருதாசலம். "கொஞ்சம் காத்திருந்து முழுசாப் போகும்."

"எம் பில்ல எறக்கிப்போட்டு யாருக்கு மேல எடம் குடுக்கறீங்க?"

"எனக்குத்தானுங்க," என்றாள் சித்ரகலா. "எனக்கு ஒரு எழுத்துக் குறைஞ்சாலும் பரவால்லீங்க, காத்திருக்க முடியாது."

நஞ்சப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உன்ற பீஸுல ஏதோ கோளாறுன்னு பேசிக்கறாங்களே, நெசமா?"

"வெள்ளிக்கிழமை தெரியுமுங்க."

ஜெயபாரதி அவ்வளவு லேசில் இறங்கவில்லை. "நீங்க எறங்கச் சொல்றீங்க. லைன் மாஸ்டர் எறங்கிட்டாரா? அவரு எறங்கட்டும், நான் எறங்கறேன்" என்றாள். லைன் மாஸ்டரிடம் போனால், "பேட்டர்ன்காரம்மா எறங்குனாங்களா?" என்றார். ஒருவர் இறங்கியது தெரியாமல் இன்னொருவர் இறங்க மாட்டார்கள். கடைசியில் மருதாசலம் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து, திரையைத் திருப்பிக் காட்டி, இரண்டு பேர் கண் முன்னாலேயே இரண்டையும் கீழே இறக்கினான். அதன்பிறகும் ஜெயபாரதி, "நாங்க போன பின்னால அவருது மட்டும் மேல ஏறாதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

மாடியில் சிவபிரகாஷ் எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆக, என்ற கேமராவ அணைக்கச் சொல்றீங்க."

"அணைக்க வேண்டாமுங்க," என்றான் மருதாசலம். "கம்பெனிக்குள்ள அது பாட்டுக்குப் பதிவாயிட்டே இருக்கும். நீங்க போன்ல பாக்கறீங்கல்ல, மாடியில இருந்து பாத்தாலும் அது வெளிய போயித்தான் உங்க போனுக்கு வருது, அதுதான் தடத்தப் புடிக்குது. ஆய்வு நடக்கற நேரம் மட்டும் கட்டத்தைச் சின்னதாக்கிக்கலாமுங்க. ஆளு நடமாட்டம் தெரியும், மொகம் தெரியாது."

"மொகம் தெரியாம என்னத்தப் பாக்கறது?" அவர் சித்ரகலாவைப் பார்த்தார். "யோசனை யாரோடது? உன்றதா?"

"எங்க ரெண்டு பேரோடதுமுங்க."

"தையலு தெரியோணும்னா எனக்குச் செக்கிங் மேசை தெரியக்கூடாது. அப்படித்தான?"

அப்படிக் கேட்கும்போது யாருக்குத்தான் சந்தேகம் வராது? சொன்னவளுக்கே தான் ஏதோ சூழ்ச்சி செய்கிற மாதிரி இருந்தது.

"ஆகட்டும்," என்றார் சிவபிரகாஷ்.

பாண்டித்துரையிடமும் பேச வேண்டியிருந்தது. மருதாசலம் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், கையைத் திருப்பறப்ப படம் கொஞ்சம் சுமாரா இருந்தாப் பரவால்லீங்களா? தையலைக் காட்டறப்ப ஆட்டாம நிறுத்தி, முழுத் தெளிவாக் காட்டறோமுங்க. ரெண்டும் ஒன்னாக் கேட்டாத் தடம் தாங்கறதில்லீங்க."

"ஆட்டாம நிறுத்தியா? ஏம்ப்பா, நல்ல பீஸு ஒண்ணப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அதையே எனக்குக் காட்டப் போறீங்களா?"

"அய்யோ இல்லீங்க சார்."

"நான் எத்தன கம்பெனி பார்த்திருப்பேன்!"

சித்ரகலா போனை வாங்கினாள். "சார், நீங்க எப்ப வேணும்னாலும் விரலை ஆட்டுன்னு சொல்லுங்க. தையலுக்குப் பக்கத்துல ஆட்டறேன். போட்டோவா இருந்தா ஆடாதுங்களே?"



"எந்த விரலுன்னு நான்தான் சொல்லுவேன்," என்றார் பாண்டித்துரை.

"சொல்லுங்க சார்."

அதற்குள் மருதாசலம், தடம் நிறைந்துவிட்டால் மேற்கொண்டு கேட்கிறவற்றுக்கு இடமில்லை என்று சொல்லப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினார்கள். மருதாசலம் மேசைக்கு ஓரத்தில் தன் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தான்; சித்ரகலா கேமராவுக்குக் கீழே நின்றாள். எந்தப் பெட்டி வேண்டும் என்று பாண்டித்துரை சொல்ல, அந்தப் பெட்டியைப் பிரித்தார்கள்.

"தோள்பட்டைக்குப் போ. கிட்டக் கொண்டா. இன்னும் கிட்ட. நிறுத்து."

நிறுத்தினாள். மூச்சையும் சேர்த்துத்தான்.

"சுண்டு விரல்."

ஆட்டினாள்.

"ம். தெரியுது. கோடு சேர்ந்திருக்கு. அடுத்தது... நடு விரல். ம். சரி. அடுத்தது."

இப்படியே இரண்டு பெட்டி ஓடியது. பாண்டித்துரையின் குரலில் இருந்த முறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "இதத்தானம்மா முன்னயே கேட்டேன்" என்றுகூடச் சொன்னார். மூன்றாவது பெட்டியைப் பிரித்தாள். கழுத்துப் பட்டியைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நிறுத்து. ஏம்மா... இந்தா, ஆரம்பிச்சிருச்சு பாரு!"

கஞ்சி.

"சார், சித்தெ இருங்க."

"ரெண்டு பெட்டி நல்லதா அடுக்கி வச்சுட்டு, மூணாவதுல கையக் காட்டுறீங்களா?"

"நீங்க சொன்ன பெட்டியத்தானுங்க சார் பிரிச்சோம்!" அவள் மருதாசலத்தின் பக்கம் திரும்பினாள். "என்னது?"

அவன் திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"முதலாளிங்கக்கா. எல்லாக் கட்டத்தையும் பெருசாத் தெறந்துட்டாரு."

"நீதான் இப்ப பெட்டிக்கு எடமில்லீன்னு சொல்லக் கத்துக் குடுத்தயே?"

"எல்லாத்துக்கும் கத்துக் குடுத்தனுங்க. அவரு போனுக்கு மட்டும்..."

"அவரு போனுக்கு மட்டும்?"

"எப்பக் கேட்டாலும் எல்லாத்துக்கும் மேலன்னு வெச்சிருந்தனுங்க. மொதலாளிகிட்டப் போயி எப்படிங்கக்கா..."

அவளுக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. மேலே, மாடியில், அவளுடைய கையைப் பார்ப்பதற்காகச் சிவபிரகாஷ் போனைத் திறந்திருக்கிறார். அவர் பார்க்கிறதால் தையல் மங்குகிறது. தையல் மங்குவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் கூடும். கூடினால் இன்னும் உற்றுப் பார்ப்பார்.

"எறக்கு."

"அக்கா..."

"மருதாசலம், இந்தச் சரக்கு போகலீன்னா நான் ஊட்டுக்குப் போயிருவேன். நாளைக்கு வேற ஒருத்தி இந்த மேசைக்கு வருவா. அவளுக்கும் மங்கும். எறக்கு."

திரையிலிருந்து பாண்டித்துரை, "என்ன அங்கிட்டு ரகசியம் பேசுறீங்க? கையக் கேமராவுக்கு நேரா வையி!" என்றார். மருதாசலம் அதையும் கேட்டான். கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

கழுத்துப் பட்டி மேலெழும்பி வந்த மாதிரித் தெளிந்தது.

மறு நொடியே மருதாசலத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

"என்னடா, கேமரா வரல? இப்ப எடமில்லைன்னு காட்டுது?"

"ஆமாங்க சார்."

"என்ன ஆமாங்க? போடு."

"இல்லீங்க சார். இப்ப ஆகாதுங்க. ஆய்வு முடிஞ்சப்பறம் தர்றனுங்க."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவபிரகாஷ் உள்ளே வந்தார். வந்தவர் நேராக மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"யாருப்பா அது, வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு?" என்றது திரை.

"சார், நான் சிவபிரகாஷ். ஓனர்."

"வணக்கம் சார். கொஞ்சம் அங்கிட்டு நகருங்க. இப்பத்தான் படம் நல்லா வருது. கெடுத்துறாதீங்க."

சிவபிரகாஷ் நகர்ந்தார். சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கம்பெனியில் அவரை இப்படி யாரும் நிறுத்தியதில்லை.

"அடுத்த பீஸு. கழுத்து. கிட்ட. நிறுத்து... நில்லு, நில்லு. அங்க என்னது? பட்டி சேருற இடத்துக்குப் பக்கத்துல?"

சித்ரகலா குனிந்து பார்த்தாள். ஒரு தையல் தாண்டியிருந்தது. ஒரே ஒரு தையல். நகக்கண் அளவு இடைவெளி.

சுவரோரம் நின்றவர் கையை அவிழ்த்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். நூல் பிசிறு என்று சொல்லலாம். விரலால் நீவிவிட்டு, ஒன்றுமில்லை சார் என்று சொல்லலாம். விரல் தையலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"தையலு தாண்டியிருக்குதுங்க சார். நாங்க பாக்காம விட்டது. இந்தப் பீஸைத் தள்ளீரலாமுங்க."

"இந்தப் பெட்டில மத்ததையும் காட்டு."

காட்டினாள். அவர் கேட்ட இன்னும் சில பெட்டிகளையும் காட்டினாள். அந்த ஒன்றைத் தவிர வேறு இல்லை.

"சரிம்மா," என்றார் பாண்டித்துரை. நாற்காலியில் சாய்கிற சத்தம் கேட்டது. "சொன்னாக் கோவிச்சுக்கிறாத. ஒரு குத்தமும் தெரியாம இருந்த வரைக்கும் எனக்கு நம்பிக்கை வரல. அந்தச் சின்னத் தையல் எனக்குத் தெரியுதுன்னா, பெரிசா ஏதாச்சும் இருந்தாத் தெரிஞ்சிருக்கும்ல? அப்ப மத்ததெல்லாம் சரின்னுதான அர்த்தம்? ஒண்ணு ரெண்டு தாண்டுறதுக்கு எங்க கணக்குலயே எடம் உண்டு. அந்தப் பீஸ மாத்திட்டு அனுப்புங்க. பாஸ் போடுறேன்."

"நன்றிங்க சார்."

"போன தடவ பேசுனதெல்லாம்..."

"பரவால்லீங்க சார்."

திரை அணைந்தது. மருதாசலம் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"நில்லுடா," என்றார் சிவபிரகாஷ். "ஹாஸ்டலுக்கு நெட்டக் குடுத்துரு."

"சரிங்க சார்."

"என்ற கேமராவையும்."

"சரிங்க சார்." போய்விட்டான்.

சிவபிரகாஷ் தள்ளி வைத்த பீஸை எடுத்து, கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது எப்படி விட்டுது?"

"கண்ணு தவறிருச்சுங்க."

"மறைச்சிருக்கலாமல்ல?"

"நீங்க பாத்துட்டு நின்னீங்களே," என்றாள். அவர் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, "நீங்க இல்லாட்டியும் அதைத்தானுங்க சொல்லியிருப்பேன். ஆனா அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அவர் பீஸைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு வந்துரு. அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காத."

"வர்றதுக்கு ஒன்னும் தடையில்லீங்க சார். ஒரு பேச்சுக் கேக்கோணும்."

"சொல்லு."

"இந்த மேசைக்கு மேல உங்க கேமரா."

"கழட்டச் சொல்றயா?"

"கழட்ட வேண்டாமுங்க. திருடு போனாப் பாக்கோணுமல்லங்க? நான் பீஸ் பாக்கறப்ப என்ற கையை மாடியில இருந்து பாக்க வேண்டாமுங்க. சந்தேகமா இருந்தா எறங்கி வாங்க."

"எந்நேரமும் எறங்கி வர முடியுமா?"

"எந்நேரமும் சந்தேகப்பட முடியுதுங்களே?"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். சிவபிரகாஷ் அவளைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். அவர் போன் சட்டைப்பையில் ஒரு சின்னச் சத்தம் போட்டது. கட்டங்கள் திரும்ப வந்துவிட்டன. கை பைக்குப் போனது. ஆனால் போனை எடுக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

"சரிங்க சார். நானும் வர்றதப் பத்தி யோசிச்சுச் சொல்றனுங்க."

அவர் வாசல் வரைக்கும் போய் நின்றார். மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் படியேறினார். சித்ரகலா அடுத்த பெட்டியை இழுத்து, மேலிருந்த பனியனை விரித்து, கழுத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள். தலைக்கு மேலே முதலாளியின் கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அது யாராவது பார்ப்பதற்கான விளக்கா, வெறுமே பதிவாவதற்கான விளக்கா என்று கீழே நின்றவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.